ஒரு குரலில் ஓர் அரசி

மராத்திய நாட்டிலும் மாளவத்திலும் குடியேறி வாழும் தமிழ் அன்பர்கள், அங்குள்ள கோயில் மண்டபங்களில் கீர்த்தனம் என்னும் நிகழ்ச்சியைக் கண்டிருக்கக்கூடும். தாளத்தைக் கையிலேந்திய ஒருவர் நின்றுகொண்டே பாடுவார், பேசுவார், நடிப்பார். ஆர்மோனியமும் தபலாவும் பக்கத்துணை. முற்பகுதியில் தத்துவ விளக்கமும், பிற்பகுதியில் அதற்குச் சான்றாக ஒரு கதையும் இடம்பெறும். இம்முறை நமக்குப் புதிதன்று. மராத்தியர் வழியாகத் தஞ்சைக்கு வந்த இக்கலையைத் தழுவியே, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபத்தை உருவாக்கினார். சாகி, திண்டி என்னும் மெட்டுக்கள் அவ்வாறு நம்மிடம் வந்தவையே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புராணக் கதைகளோடு நாட்டுச் சரித்திரமும் கீர்த்தனத்திற்குப் பொருளாயிற்று. அவ்வாறு மேடையேறிய சரிதங்களுள் ஒன்று அகல்யாபாய் ஹோல்கருடையது.

1725இல் சௌண்டி என்னும் சிற்றூரில் பிறந்த இவ்வம்மையார், இந்தூரை ஆண்ட மல்ஹார்ராவ் ஹோல்கரின் மருமகள் ஆனார். 1754இல் கும்பேர் கோட்டை முற்றுகையில் கணவர் கண்டேராவ் உயிர் துறந்தார். உடன்கட்டை ஏறப் புறப்பட்டவரை மாமனார் மன்றாடித் தடுத்தார். 1766இல் அந்த மாமனாரும், 1767இல் ஒரே மகன் மாலேராவும் மறைந்தனர். பேஷ்வாவின் சிற்றப்பன் ரகுநாதராவ் படையோடு நெருங்கியபோது அம்மையார் எதிர்த்து நிற்கத் துணிந்தார். வந்தவர் போரிடாமல் திரும்பினார். அதன்பின் 1795 வரை, நர்மதைக் கரையிலுள்ள மகேசுவரத்திலிருந்து அவர் ஆண்டார். காசி விசுவநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்பியவர் அவரே. அவருடைய அறக்கொடை இராமேசுவரம் வரை எட்டியது.

கன்றின்மீது தேரைச் செலுத்திய மகனைத் தேர்க்காலில் இடத் துணிந்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கேட்கும் தமிழருக்கு மனுநீதிச் சோழன் நினைவு வரும். ஆயினும் அதனைச் சரித்திரமாகக் கொள்வதற்கில்லை. மாலேராவ் நோயுற்று இறந்தவர். அம்மையாரின் பெருமைக்கு அக்கதை வேண்டியதும் இல்லை. அதனினும் கடுமையான சோதனையொன்று அவர் வாழ்வில் உண்மையாகவே நிகழ்ந்தது.

1791இல் மருமகன் யசுவந்தராவ் பான்ஸே இறந்தார். மகள் முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தாள். தன் ஒரே மைந்தனையும் முன்னரே பறிகொடுத்தவள் அவள். மாளவ மக்களிடம் கேட்டறிந்து 1823இல் நூல் வெளியிட்ட ஜான் மால்கம், தாய் மகளின் காலில் விழுந்து கெஞ்சியதாக எழுதியுள்ளார். தனக்கு இனி யாரும் இல்லை, நீயும் முதியவள், உனக்குப் பின் நான் எவ்வாறு வாழ்வேன் என்பதே மகளின் விடை. ஒருகாலத்தில் மாமனாரின் சொல்லுக்கு இணங்கி உயிர் வாழ்ந்தவரின் சொல்லுக்கு இப்போது மகள் இணங்கவில்லை. தீ மூண்டதைக் கண்ணாற்கண்ட அரசி மூன்று நாள் உணவு கொள்ளவில்லை.

ஒருவரே நிகழ்த்தும் கலையின் ஆற்றல் இவ்விடத்தில் விளங்குகிறது. இருவர் நடித்தால் தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் எனப் பிரிந்து நிற்பர். கீர்த்தனக்காரரோ ஒரே குரலில் கெஞ்சவும் வேண்டும், மறுக்கவும் வேண்டும். மகளின் உறுதியில் தாயின் பழைய உறுதியே பேசுவதைக் கேட்போர் உணர்வர். அந்தச் சிதையைப் புகழ்ந்து பாடிவிட்டால் அரசியின் கண்ணீர் பொருளற்றதாகிவிடும். அக்காட்சியை விட்டுவிட்டால் கோயில் கட்டிய புண்ணியவதி ஒருத்தியே எஞ்சுவாள்.

படையைத் திருப்பியனுப்பியவர் ஒரு வழக்கத்தின்முன் தோற்றார். தோற்ற பின்னும், அரசுப் பணியை மேலும் நான்கு ஆண்டுகள், தம் இறுதிவரை, கைவிடாமல் நடத்தினார். வெற்றியை மட்டுமன்றி இத்தோல்வியையும் மறையாது உரைக்கும் கீர்த்தனமே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.