ஒரு மாதம், மூன்று பெயர்கள்: கேரளத்து இல்லங்களில் கார்த்திகை, ஹனுக்கா, கிறிஸ்துமஸ்

இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் கார்த்திகை என வழங்கும் மாதத்தை, அதே ஊரின் மலையாளக் குடும்பங்கள் விருச்சிகம் என வழங்குகின்றன. இரண்டும் ஒரே காலப்பகுதியே. முழுமதி எந்த விண்மீனோடு சேர்கிறது என்பதை நோக்கித் தமிழ்ப் பெயர் அமைந்தது. ஞாயிறு நிற்கும் ராசியை நோக்கி மலையாளப் பெயர் அமைந்தது. மலையிலிருந்து இறங்கிக் கொச்சி, பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களின் பழைய யூதத் தெருக்களை அடைந்தால், ஏறத்தாழ இதே பருவத்துக்கு மூன்றாவது பெயர் ஒன்றும் வழங்கியதைக் காணலாம்: கிஸ்லேவ். பாபிலோனியச் சிறைவாசக் காலத் தொடர்பால் யூதர் கைக்கொண்ட மெசபடோமிய மாதப் பெயர் அது.

ஆண்டிறுதி நெருங்கும்போது, கார்த்திகை தீபமும் யூதரின் ஹனுக்காவும் கிறிஸ்துமஸும் 'ஒரே ஒளித் திருவிழாவின் பல வடிவங்கள்' என்னும் கருத்து ஆண்டுதோறும் பகிரப்படுகிறது. நல்லெண்ணம் கொண்ட கருத்துதான். ஆயினும் வரலாற்று நோக்கில் அது தெளிவைக் குறைக்கிறது. விளக்கு பொதுவாக இருக்கலாம்; அதை எந்நாளில், எதன் நினைவாக, எந்த விதிப்படி ஏற்றுகிறார்கள் என்பது பொதுவன்று.

முதலில் நிலவை நோக்குவோம். கார்த்திகை விளக்கீடு முழுமதி நாளுக்குரியது. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர், மதி நிறைந்து அறுமீனைச் சேரும் இரவில் ஊர் விளக்கேற்றுவதைக் கூறுகிறார். கேரளத்தில் திருக்கார்த்திகை எனப்படும் நாளும் இம்மரபினதே. ஹனுக்காவோ கிஸ்லேவ் மாதத்தின் 25ஆம் நாளில், அதாவது தேய்பிறையின் இறுதியில், தொடங்கி, அமாவாசையைக் கடந்து எட்டு நாள் நீள்கிறது. ஒன்று ஆண்டின் நிறைநிலவுக்கு விளக்கு வைக்கிறது; மற்றொன்று நிலவற்ற இரவுகளில் விளக்கைப் பெருக்குகிறது. கிறிஸ்துமஸ் நிலவையே கணக்கில் கொள்வதில்லை. 2024இல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13ஆம் நாள் வந்தது. ஹனுக்காவின் முதல் விளக்கு டிசம்பர் 25ஆம் நாள் மாலையில், கிறிஸ்துமஸ் அன்றே, ஏற்றப்பட்டது. யூத நாள்காட்டி 19 ஆண்டுகளில் 7 மிகைமாதங்களைச் சேர்த்து நிலவையும் பருவத்தையும் இணைப்பதால் நேரும் நகர்வு இது.

இனி விதியை நோக்குவோம். ஹனுக்கா என்னும் எபிரேயச் சொல்லுக்கு நேர்ந்தளித்தல் என்பது பொருள். கி.மு. 164இல் மக்கபேயர் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்து மீண்டும் நேர்ந்தளித்த நிகழ்வின் நினைவு அது. ஒரு நாளுக்குரிய எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்தைப் பின்னர் தோன்றிய தல்முத் எடுத்துரைக்கிறது. முதல் இரவில் ஒரு சுடர், பின்னர் நாளுக்கு ஒன்றாகக் கூட்டி எட்டாம் இரவில் எட்டு. அச்சுடர்களின் ஒளியில் வீட்டு வேலை எதுவும் செய்யலாகாது. அதனால் 'பணியாள்' எனப் பொருள்படும் ஷம்மாஷ் என்னும் தனி விளக்கு உடன்நிற்கும். ஒலிவ எண்ணெய் சிறந்தது, எனினும் எல்லா எண்ணெயும் ஏற்றதே என்பதும் தல்முத்தின் விதி. அந்த இசைவே தென்னை நாட்டில் தேங்காயெண்ணெய்க்கு வழிவிட்டது. சுவரில் மாட்டும் பித்தளைத் தகட்டில் எட்டுக் குழிகள் கொண்ட கொச்சி விளக்குகள், பொருளாலும் எண்ணெயாலும் கேரளத்தன. எண்ணிக்கையாலும் விலக்காலும் யூதருடையன.

தோட்டத் தமிழர் இல்லங்களின் அகல்விளக்குகளுக்கு அத்தகைய எண்ணோ விலக்கோ இல்லை. வாசற்கோலம், பொரியுருண்டை, சொக்கப்பனை ஆகியவை அந்நாளின் அடையாளங்கள். மலைக்குக் குடியேறிய சுரியானிக் கிறித்தவர் இல்லங்களிலோ கிறிஸ்துமஸ், டிசம்பர் முதல் நாளன்று தொடங்கும் இருபத்தைந்து நோன்பின் முடிவாக வருகிறது. வாசலில் தொங்கும் தாள்நட்சத்திரத்துக்குப் பின்னால் புலால் விலக்கிய நாள்களின் காத்திருப்பு இருக்கிறது. மலையாளத்தில் 'நோம்பு' என ஒலிக்கும் அச்சொல் தமிழ் நோன்பின் உடன்பிறப்பு.

இவ்வேறுபாடுகள் மக்களைப் பிரித்துவைக்கவில்லை என்பதற்கு ஒரு பழஞ்சான்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அஞ்சுவண்ணத்தோடு அவன் பெற்ற உரிமைகளுள் குடை, தோரணம், பாவாடை ஆகியவற்றுடன் 'பகல் விளக்கு' என்பதும் ஒன்று. பகலிலும் விளக்கேந்திச் செல்வது அந்நாளில் உயர்மதிப்பின் குறி. அது ஹனுக்காவைக் குறிப்பதன்று. எனினும் யூத வழிபாடு மாறாமலே இந்நாட்டு விளக்கு யூதருக்கு உரிமையாயிற்று என்பதை அது காட்டுகிறது.

1950களில் கொச்சி யூதருள் பெரும்பான்மையோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நெகேவ் பாலைநிலத்து நெவாத்திம் அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்று. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உட்புறம் இன்று எருசலேமின் இசுரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் குறிப்பேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களின் தொகுப்பு ஒன்று, ஸ்கரியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் ஆகியோர் முயற்சியால் 2005இல் எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. 'கார்குழலி' என்னும் அதன் தலைப்பு தமிழ் வாசகருக்கு உரை வேண்டாத சொல்.

மரமும் பித்தளையும் கடல் கடந்தும் காக்கப்படுகின்றன. திரியையும் எண்ணெயையும் பண்டிகைப் பலகாரத்தையும் அவ்வீட்டுப் பெண்கள் எச்சொல்லால் அழைத்தனர் என்பதோ, யூத மலையாளத்தை வீட்டுமொழியாகப் பேசி வளர்ந்த முதியோரோடு மறையக்கூடியது. 'எல்லாம் ஒன்றே' எனக் கடந்துவிட்டால் அச்சொற்களைக் கேட்டுப் பதியும் தேவையே எழாது. ஒரே மாதத்துக்கு இரு பெயர் வழங்கும் சாந்தன்பாறை போன்ற ஊர்களிலும், விழாச் சொற்களை வீடுவீடாகத் தொகுக்கும் பணி மொழியியல் மாணவருக்குக் காத்திருக்கிறது.