விஸ்கி அருந்தும் முறைகள்

விஸ்கி அருந்தும் முறைகள் என்பவை, தானியக் கூழை நொதிக்கச் செய்து, வடித்து, மரப்பீப்பாயில் முதிர்வித்துப் பெறப்படும் விஸ்கி என்னும் மதுபானத்தைத் தனியாகவோ, நீர், பனிக்கட்டி, சோடா, பழச்சாறு முதலியவற்றுடன் கலந்தோ அருந்தும் வழக்கங்களைக் குறிக்கும். இம்முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஒரு நாட்டில் முறையானதாகக் கருதப்படும் கலவை மற்றொரு நாட்டில் பிழையெனக் கருதப்படுவதும் உண்டு. எனினும் இவ்வேறுபாடுகளுள் பெரும்பாலானவை தட்பவெப்பம், வணிகம், வரி, உணவுப் பழக்கம் ஆகியவற்றால் உருவானவையே அன்றி, சுவையைப் பற்றிய மாறாத விதி எதனாலும் உருவானவை அல்ல.

பெயரும் வரையறையும்

விஸ்கி என்னும் சொல் "உயிர் நீர்" என்று பொருள்படும் உஷ்க பெஹா என்ற கேலிக்கு மொழித் தொடரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் இதைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரச கருவூலக் கணக்கேட்டில் உள்ளது. ஜான் கோர் என்ற துறவிக்கு உயிர் நீர் வடிப்பதற்காக மாவுத்தானியம் வழங்கப்பட்டதை அக்குறிப்பு தெரிவிக்கிறது. ஸ்காட்லாந்தினரும் ஜப்பானியரும் ஒரு விதமாகவும், அயர்லாந்தினரும் அமெரிக்கரும் இன்னொரு விதமாகவும் இச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதுவர். தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுவதால் அதனைப் பற்றிய நெடுங்கால விவாதம் நமக்கு இல்லை.

ஸ்காட்ச் விஸ்கி ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர வேண்டும் என்றும், கன அளவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மதுசாரம் (எத்தனால்) கொண்டிருக்க வேண்டும் என்றும் 2009ஆம் ஆண்டின் சட்டவிதிகள் கூறுகின்றன. அமெரிக்காவின் பூர்பன் விஸ்கியில் தானியக் கலவையின் 51 விழுக்காடாவது மக்காச்சோளமாக இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலனில் அது முதிர்விக்கப்பட வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பீப்பாயில் ஊற்றப்படும் வடிநீரின் மதுசார அளவு ஸ்காட்லாந்தில் வழக்கமாக 63.5 விழுக்காட்டளவில் இருக்கும். புட்டியில் அடைக்கும் முன் வடிசாலையினரே நீர் சேர்த்து அதனை 40 அல்லது 43 விழுக்காட்டுக்குக் குறைக்கின்றனர். ஆகவே, "பீப்பாய் வலிமை" எனக் குறிக்கப்பட்டவை தவிர, கடைக்கு வரும் விஸ்கி ஏற்கனவே நீர் கலந்த பானமே. நீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பதாகும் என்ற கூற்று இதனால் வலுவிழக்கிறது.

நீர் சேர்த்தல்

விஸ்கியை எதுவும் சேர்க்காமல் அறை வெப்பநிலையில் அருந்துவது ஒரு முறை. சில துளிகள் முதல் சம அளவு வரை நீர் சேர்த்து அருந்துவது இன்னொரு முறை. கலப்பு வல்லுநர்கள் மாதிரிகளை மதிப்பிடும்போது அவற்றை ஏறத்தாழ 20 விழுக்காடு மதுசாரம் இருக்கும்படி நீர்த்து, பெரும்பாலும் நாவால் அன்றி மூக்கால் சோதிக்கின்றனர். அடர்ந்த மதுசாரம் மூக்கை எரியச்செய்து மணங்களைப் பிரித்தறியும் திறனை மழுங்கச் செய்வதே இதற்குக் காரணமாகும். அடிப்பகுதி அகன்று வாய் குறுகிய குவளைகள் மணத்தைத் திரட்டித் தருவதால் இதற்கு ஏற்றவை.

நீர் சேர்த்தவுடன் மணம் மாறுவது ஏன் என்பதற்கு வேதியியல் விளக்கம் தர முயன்றோருள் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 2017இல் வெளியான அவர்களது கணினி உருவகப்படுத்தல் ஆய்வு, குவையக்கோல் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டது. முற்றா நிலக்கரிப் புகையில் உலர்த்திய மாவுத்தானியத்திலிருந்து செய்த விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான சேர்மங்களுள் இதுவும் ஒன்று. மதுசாரம் 59 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது எத்தனால் மூலக்கூறுகள் குவையக்கோலைச் சூழ்ந்து நீர்மத்தின் உட்பகுதிக்குள் இழுத்துக்கொள்கின்றன. 45 விழுக்காடு வரையான கலவைகளில் அது பெரும்பாலும் மேற்பரப்பில் காணப்படுகிறது என்பது அவ்வாய்வின் முடிவு. மேற்பரப்புக்கு வரும் மூலக்கூறே மூக்குக்கும் எட்டும். எனினும் இது ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றிய உருவகப்படுத்தல் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். விஸ்கியில் நூற்றுக்கணக்கான மணச்சேர்மங்கள் உள்ளன.

எவ்வளவு நீர் என்ற கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பல வகை விஸ்கிகளைப் படிப்படியாக நீர்த்து, பயிற்சி பெற்றோரைக் கொண்டு மணம் அறியச் செய்தபோது, நீரின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியபின் ஒரே வகையைச் சேர்ந்த விஸ்கிகளைத் தம்முள் வேறுபடுத்தி அறிவது கடினமாயிற்று. ஸ்காட்ச் எது, பூர்பன் எது என்பது அதன் பின்னும் தெரிந்தது. ஆனால் ஒரு ஸ்காட்ச்சுக்கும் இன்னொரு ஸ்காட்ச்சுக்கும் உள்ள வேறுபாடு மங்கியது. விலையுயர்ந்த விஸ்கியை வாங்கி நிறைய நீரோ சோடாவோ கலப்போர் எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தார்களோ அதையே இழக்கிறார்கள் என இதிலிருந்து கொள்ளலாம்.

நீர் சேர்த்ததும் சில விஸ்கிகள் கலங்கலாகத் தோன்றும். மதுசார அளவு குறையும்போது கொழுப்பமில எஸ்தர்கள் கரையாமல் பிரிவதே இதன் காரணம். வாடிக்கையாளர் இதனைக் குறையாக எண்ணக்கூடும் என்பதால் பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிர்வித்து வடிகட்டி அவ்வெஸ்தர்களை முன்னரே நீக்கிவிடுகின்றன. 46 விழுக்காடும் அதற்கு மேலும் மதுசாரம் உள்ளவற்றில் பொதுவாக இது தேவைப்படுவதில்லை.

பனிக்கட்டி

பனிக்கட்டி இருவகையில் செயற்படுகிறது. குளிர்ச்சியால் மணச்சேர்மங்கள் ஆவியாவது குறைந்து மணம் மங்குகிறது. உருகும் நீர் கலந்து பானம் நீர்க்கிறது. பெரிய ஒற்றைக் கட்டி, அதே எடையுள்ள சிறு கட்டிகளைவிடக் குறைந்த மேற்பரப்புக் கொண்டிருப்பதால் மெதுவாக உருகும். ஜப்பானிய மதுவகங்களில் பனிக்கட்டியைக் கையால் உருண்டையாகச் செதுக்குவது இதன் பொருட்டே. நீர்க்காமல் குளிர்விக்க விற்கப்படும் கற்கள் அதிகம் பயன்தருவதில்லை. பனிக்கட்டியின் குளிர்விக்கும் ஆற்றலில் பெரும்பங்கு அது உருகும்போது உறிஞ்சும் உள்ளுறை வெப்பத்திலிருந்து வருவது, கல் உருகுவதில்லை.

வெப்பநாடுகளில் பானத்தில் பனிக்கட்டி இடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பனிக்கட்டி வணிகத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்தில் ஒரு பகுதி உருகியபோதும் மீதி நல்ல விலைக்கு விற்றது. சென்னைக் கடற்கரையில் 1842இல் இதற்கென ஒரு கிடங்கு கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்று சென்னை மக்கள் வழங்கும் அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம் ஆகும். ஆங்கிலேயரின் பானங்களைக் குளிர்விக்க வந்த பனிக்கட்டி இருந்த இடத்தில் 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இப்பெயர் பெற்றது.

சோடாவும் பிற கலவைகளும்

நீரில் கரியமில வாயுவைக் கரைக்கும் முறையை ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் வெளியிட்டார். யாக்கோப் ஷ்வெப் 1783இல் ஜெனீவாவில் அதனை வணிகமாக்கினார். எனினும் இங்கிலாந்தின் செல்வந்தர் நெடுங்காலம் சோடாவுடன் அருந்தியது பிராந்தியையே. 1860களிலிருந்து ஃபில்லாக்சரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்க, பிராந்தி கிடைப்பது அரிதாயிற்று. அந்த வெற்றிடத்தை ஸ்காட்ச் நிரப்பியது. ஈனியாஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகலத்தால் கிடைத்த மென்மையான தானிய விஸ்கியைக் கடுமையான மால்ட் விஸ்கியுடன் கலந்த கலப்பு விஸ்கி, சோடாவுக்கு நன்கு பொருந்தியது. சுருங்கச் சொன்னால், ஸ்காட்ச்சும் சோடாவும் இணைந்ததில் ஒரு பூச்சிக்கும் பங்குண்டு.

ஆங்கிலேய ஆட்சியில் இந்தியாவுக்கும் இவ்வழக்கம் பரவியது. சோட்டா பெக், படா பெக் என்ற அளவுப்பெயர்கள் அக்காலத்தவை. சோடாவை அடைத்துவைக்க, ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற கோலிக்குண்டுப் புட்டி பயன்பட்டது. வாயுவின் அழுத்தம் கண்ணாடிக் குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் கோலி சோடா என்ற பெயரில் அது மதுவோடு தொடர்பில்லாத தனி வாழ்வு பெற்றது.

ஐக்கிய அமெரிக்காவில் இஞ்சிச் சுவையூட்டிய பானமும் கோலாவும் விஸ்கியுடன் பெருவழக்காயின. 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்குக் காலத்தில் கிடைத்த தரங்குறைந்த சாராயத்தின் சுவையை மறைக்க இனிப்புப் பானங்கள் உதவின. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் இளநீருடன் ஸ்காட்ச் கலப்பர். சீன நகரங்களில் 2000களில் இனிப்பிட்ட பச்சைத் தேயிலைப் பானத்துடன் கலப்பது பரவியது. ஸ்காட்லாந்திலேயே ஒரு சிறு அளவு விஸ்கியையும் அரைப் பைன்ட் பீரையும் கலக்காமல் மாறிமாறி அருந்தும் பழைய வழக்கம் உண்டு.

ஜப்பான்

நீர் சேர்ப்பதை ஒரு முறையான கலையாக வளர்த்த நாடு ஜப்பான் எனலாம். தோரி ஷின்ஜிரோ 1923இல் யாமசாகி வடிசாலையை நிறுவும் பணியைத் தொடங்கினார். ஸ்காட்லாந்தில் பயின்று வந்த தாகெட்சுரு மசதாகா அதற்குத் துணைநின்றார். 1929இல் வெளிவந்த முதல் விஸ்கி, புகைமணம் மிகுந்திருந்ததால் மக்களிடம் எடுபடவில்லை. பின்னர் உள்நாட்டுச் சுவைக்கேற்ப மென்மையாக்கப்பட்ட கக்குபின் 1937இல் வந்து வெற்றிபெற்றது.

ஜப்பானியர் பொதுவாக உணவுடன் மது அருந்துவர். 40 விழுக்காட்டுப் பானம் மீன் உணவின் நுண்சுவையை அழித்துவிடும். எனவே பனிக்கட்டி நிறைந்த உயரமான குவளையில் ஒரு பங்கு விஸ்கிக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு நீர் சேர்க்கும் மிசுவாரி முறை வளர்ந்தது. இதனால் மதுசாரம் சுமார் 12 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் வெந்நீர் சேர்ப்பது ஓயுவாரி. பனிக்கட்டியின்றிச் சம அளவு நீர் சேர்ப்பதும் உண்டு. சோடா சேர்ப்பது ஹைபால் எனப்படும்.

ஜப்பானின் விஸ்கி விற்பனை 1983இல் உச்சத்தை அடைந்து, பின் கால் நூற்றாண்டுக் காலம் சரிந்தது. சன்டோரி நிறுவனம் 2008ஆம் ஆண்டளவில் ஹைபாலை பீருக்கு மாற்றாக முன்னிறுத்தி விளம்பரம் செய்யத் தொடங்கியதும் விற்பனை மீண்டது. ஆனால் முதிர்ந்த விஸ்கியை உடனே உற்பத்திசெய்ய இயலாது. சரிவுக் காலத்தில் குறைவாக வடித்ததன் விளைவாக இருப்புத் தீர்ந்து, ஹகுஷு 12, ஹிபிகி 17 ஆகியவற்றின் விற்பனையை நிறுத்திவைப்பதாக 2018இல் அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

சூடான கலவைகளும் காக்டெயில்களும்

விஸ்கி, வெந்நீர், தேன், எலுமிச்சைச்சாறு, கிராம்பு சேர்ந்த பானம் ஆங்கிலத்தில் ஹாட் டாடி எனப்படும். டாடி என்பது பனங்கள்ளைக் குறிக்கும் தாரி என்ற இந்திச் சொல்லின் திரிபு. கள்ளின் பெயர் ஸ்காட்லாந்தின் குளிர்காலப் பானத்துக்குச் சென்றது ஒரு விந்தை. சளிக்கு இது மருந்து என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது; இதம் தருவது வெந்நீரும் தேனுமே, மதுசாரம் நோயைக் குணப்படுத்துவதில்லை.

ஐரிஷ் காப்பி, 1940களில் அயர்லாந்தின் ஃபாயின்ஸ் விமானத்தளத்தில் ஜோ ஷெரிடன் என்ற சமையற்கலைஞரால் பயணிகளுக்காக உருவாக்கப்பட்டது. 1952 முதல் சான் பிரான்சிஸ்கோவில் புகழ்பெற்றது. சர்க்கரை, கசப்புச்சாறு, நீர் சேர்ந்த ஓல்டு ஃபேஷன்டு, இனிப்பு வெர்மூத் சேர்ந்த மன்ஹாட்டன், எலுமிச்சை சேர்ந்த விஸ்கி சவர் ஆகியவை பிற பெயர்பெற்ற கலவைகள்.

அளவும் உடல்நலமும்

கலவை எதுவாயினும் குவளையில் ஊற்றிய மதுசாரத்தின் அளவு மாறுவதில்லை. இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி பெரும்பாலும் 42.8 விழுக்காடு மதுசாரம் கொண்டது. அதில் 60 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 கிராம் எத்தனால் உள்ளது. 120 மில்லிலிட்டர் நீர் சேர்த்தால் வலிமை சுமார் 14 விழுக்காடாகக் குறையும்; 20 கிராம் அப்படியே இருக்கும். குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர் புட்டியில் 60 கிராமுக்கு மேல் உள்ளது. இனிப்புப் பானங்கள் எரிச்சலை மறைப்பதால், அருந்துவோர் அளவை உணராமல் விரைந்து குடித்துவிடும் வாய்ப்பு உண்டு. காஃபின் மிகுந்த ஊக்கப் பானங்கள் போதையின் உணர்வை மட்டும் மறைக்கின்றன. உடலின் தடுமாற்றத்தைக் குறைப்பதில்லை. காஃபின் சேர்த்து அடைக்கப்பட்ட மதுபானங்களை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கை விடுத்தது.

நீர் சேர்த்து அருந்தினால் தீங்கில்லை என்ற கருத்துத் தமிழ்ச் சூழலில் பரவலாகக் கேட்கப்படுவது. இது ஓரளவே சரி. அடர்ந்த மதுசாரம் தொண்டையையும் இரைப்பையையும் புண்படுத்துவது நீர்த்தலால் குறைகிறது. கல்லீரல் கையாள வேண்டிய மதுசாரத்தின் மொத்த அளவு குறைவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை 1988இலேயே மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. தீங்கற்ற அளவு என ஒன்றைக் குறிப்பிட இயலாது என உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. கர்ப்பிணிகளும், உறக்க மருந்து உட்கொள்வோரும், வண்டி ஓட்டவிருப்போரும் எம்முறையிலும் அருந்தலாகாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பது குற்றமாகும்.