இரண்டாவது கடிதம்

நாற்பது ஷில்லிங். அதில்தான் நான் ஏமாந்தேன்.

எலிசபெத் காலத்து லண்டனில் நாடகக் கொட்டகை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோ ஒரு நோட்டில் கணக்கு எழுதி வந்தார். டல்லிச் கல்லூரி அதை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறது. ‘ஹென்ஸ்லோவின் நாட்குறிப்பு’ என்று பெயர் நிலைத்துவிட்டாலும், உள்ளே இருப்பது கொடுக்கல் வாங்கல்தான். அவருடைய சகோதரர் ஜான் 1570களில் சுரங்கக் கணக்கு எழுதிய நோட்டு அது. மிச்சப் பக்கங்கள் வீணாவானேன் என்று தலைகீழாகத் திருப்பி, மறுகோடியிலிருந்து தொடங்கியிருக்கிறார் தம்பிக்காரர். பக்கங்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1601 செப்டம்பர் 25 தேதியிட்ட வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஜெரோனிமோ’ நாடகத்துக்குக் கூடுதல் பகுதிகள் எழுத பென் ஜான்சனுக்கு நாற்பது ஷில்லிங். மறு ஆண்டு ஜூன் 22இல் இன்னொரு வரி: ஒரு புது நாடகத்துக்கு முன்பணமும் ஜெரோனிமோவின் புதிய பகுதிகளுக்கான கூலியும் சேர்த்துப் பத்து பவுண்டு.

ஜெரோனிமோ என்று அன்றைய ஜனங்கள் சொன்னது ‘ஸ்பானிஷ் டிராஜடி’யை. பைத்தியம், வஞ்சனை, பழிவாங்கல் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றி ஆங்கில நாடகத்துக்கே ஒரு வார்ப்பைக் கொடுத்த நாடகம். ஹாம்லெட்டில் வரும் ஆவி, தயக்கம், நாடகத்துக்குள் நாடகம் எல்லாம் இங்கே முன்னமே இருக்கின்றன. 1602இல் தாமஸ் பேவியர் வெளியிட்ட பதிப்பில் ஐந்து இடங்களில் புதிதாக 300 வரிக்கு மேல் சேர்ந்திருந்தன. ஓவியர் வரும் காட்சி உண்டு என்று முகப்பிலேயே விளம்பரம். காசு வாங்கியவர் ஜான்சன், புது வரிகள் அச்சானது 1602இல். வேறென்ன வேண்டும்? குறிப்பேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டேன்.

அந்த ஓவியர் காட்சியைச் சொல்லியாக வேண்டும். ஜனங்கள் ஜெரோனிமோ என்றழைத்த நாயகன் ஹியரோனிமோ, நீதி வழங்கும் அதிகாரி. அவருடைய மகன் ஹொரேஷியோவைக் கொன்று தோட்டத்துப் பந்தலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். புத்தி கலங்கிய கிழவர், நடுராத்திரியில் தீவட்டியோடு மகனைத் தேடித் திரிகிறார். நீதி கேட்டு ஓர் ஓவியர் வருகிறார். அவருக்கும் மகன் கொலையுண்டிருக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கொலை நடந்த இரவை வரைந்து கொடுக்கச் சொல்கிறார் ஹியரோனிமோ. மரம், நிலா, சடலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவர், ஓலத்தையும் வரைய முடியுமா என்று கேட்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஜான்சன் மூளையால் எழுதுகிறவர். இது வேறு யாரோ என்று எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கையில் ரசீது இருக்கும்போது உறுத்தலை யார் மதிப்பார்கள்!

ரசீதை உடைத்தது ஒரு கேலி. ஜான் மார்ஸ்டனின் ‘அன்டோனியோ அண்ட் மெலிடா’வை வேறு காரணத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அங்கத்தில் ஓர் அசட்டுப் பாத்திரம் ஓவியரிடம், வரைய முடியாத ஒரு சத்தத்தை வரைந்து தரச் சொல்லி நச்சரிக்கிறது. ஓலத்தை வரையச் சொன்ன கிழவரைத்தான் நக்கலடிக்கிறார்கள் என்பது தெளிவு. அதே காட்சியில் ஓவியர் கொண்டுவரும் படத்தில் ஆண்டு எழுதியிருக்கிறது: 1599. ஹென்ஸ்லோ ஜான்சனுக்குக் காசு கொடுத்ததோ 1601இல். இல்லாத காட்சியை இரண்டு வருஷம் முன்பே எப்படிக் கேலி செய்ய முடியும்? மார்ஸ்டனும் பிற்பாடு திருத்தியிருக்கலாமே என்று வாதாட வழி உண்டு. ஆனால் ஜான்சனே தன் ‘சிந்தியாஸ் ரெவெல்ஸ்’ முன்னுரைக் காட்சியில், முதலில் நடித்தபடியான பழைய ஹியரோனிமோவைப் பற்றி ஒருவன் பேசுவதாக வைக்கிறார். அந்த நாடகம் மேடையேறியது 1600 வாக்கில். ‘பழைய’ என்று சொல்ல வேண்டுமானால் அதற்குள் புதியது ஒன்று வந்திருக்க வேண்டும்.

ஜான்சன் கூலி வாங்கியது உண்மை. பேவியர் அச்சிட்டது அந்தக் கூலிக்கான வரிகள்தானா என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தனித்தனியான இரண்டு உண்மைகளுக்கு முடிச்சுப் போட்டது நான்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், அந்த முடிச்சைப் போடாதே என்று நாடகமே சொல்கிறது. மகனைக் கொன்றவர்கள் யார் என்று ஹியரோனிமோவுக்கு ஒரு கடிதம் மேலிருந்து வந்து விழுகிறது. ரத்தத்தால் எழுதியது, கொலைகாரர்களின் பெயரோடு. அவர் நம்பவில்லை, தன்னைச் சிக்கவைக்கும் கண்ணியோ என்று சந்தேகப்பட்டுக் காத்திருக்கிறார். கொலைக்கு உடந்தையான வேலைக்காரன் ஒருவன் வேறொரு குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறுகிறான். பெட்டிக்குள் மன்னிப்பு ஆணை இருக்கிறது என்று எஜமானன் சொல்லியனுப்பியதை நம்பி, கடைசி நிமிஷம்வரை நையாண்டி பேசிக்கொண்டே சாகிறான். பெட்டி காலி. செத்தவனின் சட்டையிலிருந்து தூக்குப் போடுபவர் எடுத்துவந்து கொடுக்கும் கடிதம் முதல் கடிதத்தோடு பொருந்திய பிறகுதான் கிழவர் நம்புகிறார். பைத்தியக்காரர் என்று பெயரெடுத்தவருக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

சரி, ஜான்சன் இல்லையென்றால் யார்? கோல்ரிட்ஜ் 1833லேயே ஷேக்ஸ்பியரின் சாயல் தெரிவதாகப் பேசியிருக்கிறார். அது ரசிகரின் காது. 2009இல் ஹியூ கிரெய்க் கணினியைக் கொண்டு சொற்களை எண்ணினார், 2012இல் பிரையன் விக்கர்ஸ் தொடர்களை ஒப்பிட்டார், இருவரும் கைகாட்டியது ஷேக்ஸ்பியரையே. 2013இல் டக்ளஸ் ப்ரஸ்டர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. ‘சர் தாமஸ் மோர்’ கையெழுத்துப் பிரதியில் ஷேக்ஸ்பியர் எழுதியதாகப் பெரும்பாலானோர் ஏற்கும் மூன்று பக்கங்கள் உண்டு. அவற்றில் தெரியும் எழுத்துக்கூட்டல் பழக்கங்களை 1602 அச்சோடு ஒப்பிட்டார். அந்தக் கூடுதல் பகுதிகளில் தட்டுத் தடுமாறும் சில இடங்கள் மோசமான கவிதை இல்லை, கிறுக்கலைப் படிக்கத் தெரியாமல் அச்சுக்கோத்தவர் செய்த பிழை என்பது அவர் வாதம்.

எதிர்க்கேள்வியும் பலமானது. நாடகம் ஹென்ஸ்லோ பக்கத்துக் குழுவினுடையது, ஷேக்ஸ்பியர் இருந்ததோ போட்டிக் குழுவில். ஆனால் அந்தப் போட்டிக் குழுவின் நட்சத்திரம் ரிச்சர்ட் பர்பேஜ் 1619இல் இறந்தபோது எழுந்த இரங்கல் பாவில், அவர் வாழ்ந்து காட்டிய வேடங்களின் வரிசையில் ஹாம்லெட்டுக்கும் லியருக்கும் பக்கத்தில் ஹியரோனிமோவும் இருக்கிறார். நான் ஷேக்ஸ்பியர் பக்கம் சாய்கிறேன். ‘முடிந்தது’ என்று மட்டும் இனி எழுதமாட்டேன்.

கூடுதல் வரிகளுக்கு இத்தனை பேர் அடித்துக்கொள்கிறோம். மூல நாடகத்தை எழுதியவரின் கதை தனி. 1592 முதல் 1633 வரை பத்துப் பதிப்புகள், ஒன்றிலும் ஆசிரியர் பெயர் இல்லை. 1612இல் தாமஸ் ஹேவுட் நடிகர்களுக்காக வாதாடி எழுதிய நூலில் போகிறபோக்கில் ‘கிட்’ என்கிறார், அவ்வளவுதான். 1773இல் தாமஸ் ஹாக்கின்ஸ் அந்த ஒற்றை வரியைக் கவனித்துச் சொன்ன பிறகே தாமஸ் கிட் என்ற பெயர் நாடகத்தோடு சேர்ந்தது. ஒரே ஒரு சாட்சியம். என் புது விதிப்படி பார்த்தால் இதையும் நான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஹேவுட் அதே தொழிலில் இருந்தவர், பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை.

கிட்டின் அப்பா பிரான்சிஸ் பத்திர எழுத்தர். மகனின் கையெழுத்தும் பத்திரம் எழுதுகிறவர் கைதான், அத்தனை சுத்தம். அது எப்படித் தெரியும் என்றால், அவர் கெஞ்சி எழுதிய கடிதம் மிஞ்சியிருக்கிறது. 1593 மே 12இல் அவரைக் கைதுசெய்தார்கள். அறையைச் சோதித்தபோது மத விரோதமான சில தாள்கள் அகப்பட்டன. சித்திரவதைக்குப் பிறகு, சர் ஜான் பக்கரிங்குக்கு எழுதுகிறார்: அவை கிறிஸ்டோபர் மார்லோவின் தாள்கள், இரண்டு வருஷம் முன்பு ஒரே அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது என்னுடையவற்றோடு கலந்துவிட்டன. மார்லோ பதில் சொல்ல இல்லை. மே 30இல் டெப்ட்ஃபோர்டில் குத்துப்பட்டு இறந்துபோனார். 1594 ஆகஸ்ட் 15இல் கிட்டைப் புதைத்தார்கள். வயது 35. டிசம்பரில் மகனின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையே வேண்டாமென்று அவருடைய அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆவணத்தைப் பற்றிப் படித்த இரவு, நாடகத்தின் கடைசிக் காட்சியைத் திரும்ப எடுத்தேன். பழி தீர்த்தாகிவிட்டது. வாக்குமூலம் கேட்கிறார்கள். ஹியரோனிமோ தன் நாக்கைக் கடித்துத் துப்பிவிடுகிறார். எழுதியாவது கொடு என்று பேனாவை நீட்டுகிறார்கள். முனை மழுங்கியிருக்கிறது, சீவ வேண்டும் என்று சைகை காட்டுகிறார். பேனாக்கத்தி கொண்டுவந்து தருகிறார்கள். நம் ஊரில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது, அதைக்கொண்டு பேனா சீவுகிற ஆள்தான் இல்லை. கத்தி முதலில் பக்கத்தில் நின்ற பிரபுவின் மார்பில் இறங்குகிறது, அடுத்து ஹியரோனிமோவின் மார்பில். பத்திர எழுத்தர் வீட்டு மேசையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் தினமும் கிடந்திருக்கும் கத்தி அது.