ஒட்டும் கிழிசலும்

சேலத்து மாந்தோப்புகளில் 'ஒட்டு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு செடியின் அடித்தண்டில் வேறொரு மரத்தின் கிளையை இணைத்து வளர்ப்பது ஒட்டு. கன்று மரமான பின்னும் இணைப்பின் தழும்பு அடிமரத்தில் தெரியும். ஓவிய உலகம் 'கொலாஜ்' என்பதை நாம் ஒட்டோவியம் என வழங்கும்போது, இத்தழும்பையும் நினைவிற்கொள்வது நன்று. அப்பெயரும் 'ஒட்டுதல்' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையில் பிறந்ததே.

1912இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணித் துண்டைத் தம் ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே சட்டமாக்கினார். அதே ஆண்டில் பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். காகிதம் ஒட்டுவது வீடுகளில் முன்பே இருந்த பழக்கந்தான். அன்றாடப் பொருளின் துண்டு, தான் துண்டு என்பதை மறைக்காமல் ஓவியத்துள் நுழைந்ததே புதிது.

1949இல் பாரிஸில் ரேமோன் ஹேன்ஸ், ழாக் வில்க்ளே என்னும் இருவர் இதனைத் தலைகீழாக்கினர். தெருச்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டுக் கிழிந்து தொங்கிய சுவரொட்டிகளைப் பெயர்த்தெடுத்து, அவற்றையே கலைப்படைப்பாக முன்வைத்தனர். ஒட்டியவர் யாரோ, கிழித்த வழிப்போக்கர் யாரோ. தேர்ந்தெடுத்ததே கலைஞரின் பணி. 1957இல் அவர்கள் நடத்திய கண்காட்சிக்கு, சுவரொட்டிகளைக் கட்டுப்படுத்தும் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே சூட்டினர்.

சுவரொட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு நிற்கிறது. ஒரு படத்தின் முகத்தின்மேல் அடுத்த படத்தின் முகத்தை ஒட்டிய சுவர்களையோ, 'சுவரொட்டி கிழிபடவே பிறந்தது' என விட்டுவிடுவது நம் வழக்கம்.

அந்நிறுவனம் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யின் கதைமூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அந்நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. புறத்திரட்டு போன்ற தொகைநூலாலும் பிற்கால உரைகளின் மேற்கோள்களாலும் சில பாடல்களே தப்பின. துண்டுதானே என்று அன்று ஒதுக்கியிருந்தால், காப்பியத்தின் பெயரோடு நாம் நிறைவடைய வேண்டியிருக்கும்.

ஏட்டுத் துண்டுக்கு நாம் தரும் மதிப்பைக் காகிதத் துண்டுக்கு மறுப்பது ஏன்? சுவரொட்டி தாழ்ந்த கலை என்னும் எண்ணமே காரணம் எனக் கருதுகிறோம். பாரிஸின் சுவரைக் காட்சிக்கூடம் ஏற்றபின், அவ்வெண்ணத்துக்கு வலுவில்லை. பழைய திரையரங்கக் கிடங்குகளிலும் வீட்டுப் பரண்களிலும் மடித்துக் கிடக்கும் தாள்களை எங்கள் பகுதிக் கல்லூரிகள் திரட்டலாம். படத்தின் பெயர், ஆண்டு, அடியில் சிற்றெழுத்தில் உள்ள அச்சகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துவைப்பதே முதல் வேலை. கிழிசலைச் செப்பனிட வேண்டியதில்லை; அதுவும் வரலாற்றின் பகுதியே.