எண்ணெய்க் கல்வியின் கதை

மண்ணுக்கடியில் செல்வம் இருப்பது வேறு. அதை எடுத்து ஆளும் அறிவு மண்ணுக்குடையவரிடம் இருப்பது வேறு. முன்னது இருந்தும் பின்னது இல்லாத நாடுகள் தம் சொந்த நிலத்திலேயே கூலியாட்களாக நின்றன. சவூதி அரேபியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1859ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் என்பார் ஏறத்தாழ 70 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இத்தொழில் துணிச்சலையும் கைப்பழக்கத்தையும் நம்பியே நடந்தது. அதே மாநிலத்துப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1910இல் எண்ணெய்த் தொழில் பற்றிய பாடங்களைத் தொடங்கி, 1915இல் பெட்ரோலியப் பொறியியலில் முதற்பட்டம் வழங்கிற்று. பட்டறிவாக இருந்தது பட்டப்படிப்பாயிற்று.

எண்ணெய், நிலத்தடியில் ஏரி போலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. பாறையின் நுண்துளைகளில், பஞ்சில் ஊறிய நீர் போல, அஃது அடங்கியிருக்கிறது. இயற்கையான அழுத்தம் தணிந்துவிட்டால் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். எவ்வளவு இருக்கிறது, எவ்வாறு துளைப்பது, எவ்வாறு வெளிக்கொணர்வது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கல்வியின் சாரம்.

1933இல் சவூதி அரசு அமெரிக்க நிறுவனமொன்றுக்கு எண்ணெய் தேடும் உரிமையை அளித்தது. தம்மாம் குன்றில் தோண்டிய முதற்கிணறுகள் ஏமாற்றம் தந்தன. 1938 மார்ச்சில் ஏழாம் கிணறு பொங்கிற்று. அந்நாளில் மாக்ஸ் ஸ்டைனிக் என்னும் அமெரிக்க நிலவியலாருக்குப் பாலைவனத்தில் வழிகாட்டியவர் கமீஸ் பின் ரிம்தான் என்னும் பதூயி அரபியர். பிற்காலத்தில் ஓர் எண்ணெய் வயலுக்கே அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஆயினும், மணலின் மேற்பரப்பை அறிந்தவர் அரபியர். மணலுக்குக் கீழிருந்ததைக் கணக்கிட்டவர் அயலவர். ஊதியமும் அதிகாரமும் யாரிடம் சென்றன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலையை மாற்றியது கல்வியே. கெய்ரோவில் பயின்ற அப்துல்லாஹ் தரீக்கி, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1947இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியவர், நிறுவனத்தாரின் கணக்கேடுகளைப் படித்துக் கேள்வி கேட்கும் தகுதியோடு திரும்பினார். 1960இல் நாட்டின் முதல் எண்ணெய் அமைச்சரானார். அவ்வாண்டு செப்டம்பரில் பக்தாதில் ஐந்து நாடுகள் கூடி ஒபெக் அமைப்பை உருவாக்கியபோது அதன் சிற்பிகளுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

தரீக்கி பட்டம் பெற்ற அதே 1947இல், அலீ அந்நுஐமி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவர் அராம்கோ நிறுவனத்தில் எடுபிடிப் பணியில் சேர்ந்தார். நிறுவனப் பள்ளியில் படித்து, பின் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் 1962இலும் ஸ்டான்போர்டில் 1963இலும் பட்டங்கள் பெற்றார். 1984இல் அந்நிறுவனத்தின் தலைவர் பதவி அவரை வந்தடைந்தது. அப்பதவியேற்ற முதல் சவூதியர் அவரே. 1995 முதல் 2016 வரை எண்ணெய் அமைச்சராகவும் விளங்கினார்.

ஆயினும், அயல்நாடு சென்று கற்கும் சிலரை மட்டும் நம்பி ஒரு நாடு வாழவியலாது. 1963இல் தஹ்ரானில் பெட்ரோலிய, கனிமக் கல்லூரி நிறுவப்பெற்றது. மறு ஆண்டு 67 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. 1975இல் அது பல்கலைக்கழகமாயிற்று. 1986இல் மன்னர் ஃபஹ்த் பெயர் பெற்றது. 2021 முதல் இளநிலை வகுப்புகளில் மாணவியரும் பயில்கின்றனர். 1973இல் அராம்கோவில் கால்பங்கு பெற்ற அரசு, 1980இல் முழுப்பங்கும் பெற்றது. உடைமை கைமாறிய அக்காலத்திலேயே, அதை நடத்தத் தெரிந்தவர்களும் உள்நாட்டில் உருவாகிவந்தனர் என்பது கருதத்தக்கது. நம் நாட்டிலும் தன்பாத் சுரங்கக் கல்லூரியில் 1957இல் இப்படிப்பு தொடங்கியது. அக்கல்லூரி 2016இல் ஐ.ஐ.டி. தகுதி பெற்றது.

இனி, வேலைவாய்ப்புப் பற்றி ஒரு சொல். இப்படிப்பின் மதிப்பு எண்ணெய் விலையோடு ஏறி இறங்குவது. 1986இல் விலை சரிந்தபோது அமெரிக்கக் கல்லூரிகளில் இத்துறை வகுப்புகள் வெறிச்சோடின. 2014க்குப் பின் மீண்டும் வீழ்ச்சி. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் விலை ஒரு நாள் சுழியத்திற்கும் கீழே போயிற்று. விலை உச்சத்திலிருக்கும்போது சேரும் மாணவர், நான்காண்டு கழித்து வெளிவருகையில் சந்தை தாழ்ந்திருக்கக் கூடும். அன்றியும், வளைகுடா நாடுகள் இன்று தம் மக்களுக்கே முதலிடம் தருகின்றன. அவர்கள் கற்றதன் பயன் அது. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. புவி வெப்பமடைவதால் எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்னும் கருத்தும் வலுத்து வருகிறது. எனினும் பாறையையும் அழுத்தத்தையும் அறிந்தவர்க்கு, கரியமில வாயுவை நிலத்தடியில் சேமித்தல், புவிவெப்ப ஆற்றல் ஆகிய துறைகளிலும் பணியுண்டு.

வளைகுடாவை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. விசா கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், பிள்ளைக்குக் கணிதமும் இயற்பியலும் வசப்பட்டுள்ளனவா என்று அவை கேட்கட்டும். விலை நாள்தோறும் மாறும். வசப்பட்ட கல்வியோ, ஒரு துறை தாழ்ந்தால் மற்றொரு துறையில் கைகொடுக்கும்.