பல்கலைக்கழகச் செய்தி அலுவலர்

பல்கலைக்கழகச் செய்தி அலுவலர் என்பவர், ஒரு பல்கலைக்கழகத்தில் நடைபெறும் ஆய்வுகள், நியமனங்கள், நிகழ்வுகள், சர்ச்சைகள் ஆகியவை குறித்து ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் செய்தி எழுதி அளிப்பவர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இது ஒரு தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. இதில் சேர்ந்தோருள் பலர் முன்னாள் இதழாளர்கள். செய்தியை இனங்காணும் பயிற்சியே இவர்களுடைய தகுதி; ஆனால் ஊதியம் தருவதோ அச்செய்திக்குப் பொருளான நிறுவனம். இத்தொழிலின் முதன்மையான சிக்கல் இதுவே.

வரலாறு

1900 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் முன்னாள் செய்தியாளர்கள் சிலர் 'பப்ளிசிட்டி பீரோ' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் தொடக்ககால வாடிக்கையாளர்களுள் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் ஒன்று. சில ஆண்டுகளில் ஹார்வர்ட் கட்டணம் தர மறுத்துவிட்டது. ஆயினும் அப்பெயரால் கிடைக்கும் மதிப்பைக் கருதி, நிறுவனம் கட்டணமின்றியே பணியைத் தொடர்ந்தது.

பல்கலைக்கழகமே செய்தி மடல் வெளியிடும் முறைக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் முன்னோடிகளுள் ஒன்றாகும். செய்தித்தாள் குடும்பத்தில் பிறந்து அங்கு ஆங்கிலம் கற்பித்த வில்லார்ட் பிளேயர், 1904 இல் ஆய்வு முடிவுகளை எளிய நடையில் எழுதி இதழ்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இதழியல் பாடத்தையும் தொடங்கினார். 1917 இல் கல்லூரிச் செய்திப் பணியகங்களுக்கான அமெரிக்கச் சங்கம் உருவானது.

அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் பணிபுரிந்தோர் எண்ணிக்கை 2008 இல் ஏறத்தாழ 71,000 ஆக இருந்து 2020 இல் 31,000 ஆகக் குறைந்தது. வேலை இழந்தோர்க்குப் பல்கலைக்கழகம் ஒரு புகலிடமாயிற்று.

பணியின் தன்மை

செய்தி அலுவலர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, பேராசிரியரிடம் உரையாடி, செய்திக்குறிப்பு எழுதுகிறார். எழுதியதை அதே பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது வழக்கம். செய்தித்தாளில் பணியாற்றியவருக்கு இது புதிது; அங்கு செய்திக்கு உரியவரிடம் எழுத்துப்படியை முன்கூட்டிக் காட்டுவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பிழை குறையும் என்பது இதன் நன்மை. கசப்பானவை நீக்கப்படலாம் என்பது தீமை.

குறித்த நேரத்திற்கு முன் வெளியிடக்கூடாது என்னும் நிபந்தனையுடன் செய்திக்குறிப்பைச் செய்தியாளர்களுக்கு முன்னரே அனுப்பும் வழக்கமும் உண்டு. இத்தகைய குறிப்புகளை இணையவழி வழங்கும் 'யுரேக்அலர்ட்' சேவையை அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் 1996 இல் தொடங்கியது.

நம்பகத்தன்மை

1961 முதல் 1990 வரை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் செய்திப் பிரிவை நடத்திய பாப் பேயர்ஸ், பல்கலைக்கழகத்துக்குப் பாதகமான செய்திகளையும் மறைக்காமல் வெளியிட்டதற்காக அறியப்பட்டவர். கெட்ட செய்தியை வெளியிடும் இடத்திலிருந்து வரும் நல்ல செய்தியையே இதழாளர்கள் நம்புவர் என்பது இம்முறையின் அடிப்படை. நிர்வாகிகள் அனைவரும் இதை விரும்புவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு யூட்டா பல்கலைக்கழகம். 1989 மார்ச் 23 அன்று அது செய்தியாளர் கூட்டம் நடத்தி, அறை வெப்பநிலையில் அணுக்கருப் பிணைவு நிகழ்ந்ததாக அறிவித்தது. ஆய்வுக் கட்டுரை அப்போது வெளிவந்திருக்கவில்லை. பிற ஆய்வகங்கள் முயன்றும் அம்முடிவை உறுதிப்படுத்த இயலவில்லை.

மிகைப்படுத்தல் பெரும்பாலும் செய்தித்தாள்களின் குற்றமாகவே கருதப்பட்டு வந்தது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயத்திற்கு உள்ளாக்கியது. அவர்கள் 20 பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளுடன் ஒப்பிட்டனர். 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் வாசகருக்கான அறிவுரை மூலத்தைவிட மிகைப்படுத்தப்பட்டிருந்தது. அத்தகைய குறிப்புகளைப் பின்பற்றிய செய்திகளில் 58 விழுக்காட்டில் அதே மிகை காணப்பட்டது. மிகையற்ற குறிப்புகளைப் பின்பற்றியவற்றில் இது 17 விழுக்காடு மட்டுமே.