ஜெரேனியம் அல்லாத ஜெரேனியம்

ஐரோப்பியப் பல்கனிகளில் சிவப்பாகத் தொங்கும் பூவை நாங்களும் ‘ஜெரேனியம்’ என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பெலர்கோனியம். சொந்த ஊர் தென்னாபிரிக்கா. 1753இல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்துக்குள் போட்டார். 1789இல் லெரித்தியே பிரித்தும், பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

1652இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி நன்னம்பிக்கை முனையில் கப்பல்களுக்காக மரக்கறித் தோட்டம் போட்டது. ஆறு வருஷத்தில் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் இதே கம்பனிதான். கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலம் பறிபோனது. அங்கிருந்த செடிகள் கப்பலேறின. தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும், கொஞ்சம் காய்ந்தாலும் சாகாது. அதனால்தான் பிரபுக்களின் கண்ணாடி வீட்டிலிருந்து சாதாரண வீட்டு ஜன்னல் வரை வந்தது. உறைபனி மட்டும் ஆகாது.

செடியோடு அறிவும் போனது. ஒரு பெலர்கோனியத்தின் கிழங்கு அங்கே பரம்பரை மருந்து. அதன் சாறெடுக்கும் முறைக்கு ஜேர்மன் நிறுவனமொன்று காப்புரிமை எடுத்தது. கிழக்கு கேப்பின் அலிஸ் ஊர் மக்கள் எதிர்த்தார்கள்; 2010இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை இரத்துச் செய்தது.

பூக்களின் வரலாறு என்றால் பெயர் வைத்தவர்களின் பட்டியலைத்தான் படிக்கிறோம். பிடுங்கப்பட்ட மண்ணிலிருந்தும் அதைத் தொடங்கலாமே?